கர்னலின் கால்மாட்டில்

எங்கள் டிப்போவில் புதிதாகச் சேரும் டிரைவருக்கு முதலில் சொல்லித்தருவது பிரேக் அல்ல, ஹாரன். இடுகாட்டு வளைவில் பஸ் திரும்பும்போது மதிலுக்கு மேலே கர்னலின் பளிங்குக் கல்லறை தெரியும். அந்த இடம் வந்ததும் கையை எடுக்காமல் நீளமாக ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். செத்தவனை நிம்மதியாகத் தூங்க விடக்கூடாது என்பதுதான் அதற்குப் பொருள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. கர்னல் ஆட்சியில் அண்ணனையோ அப்பாவையோ தொலைத்த யாரோ ஒரு டிரைவராக இருக்கும். அப்படி யாரையும் தொலைக்காத வீடு எங்கள் ஊரில் குறைவு.

நான் அடிக்கும் ஹாரன் மற்றவர்களுடையதைவிட நீளம். அதனால் எனக்கு ஹாரனக்கா என்றே பெயராகிவிட்டது. எனக்கு அதில் வெட்கம் கிடையாது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கர்னலின் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போய், பல மாதம் கழித்துத் திருப்பி அனுப்பியபோது விரல்கள் மடங்காமல் கட்டையாகியிருந்தன. சாகும்வரை அம்மாதான் அவருக்கு ஊட்டிவிட்டாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கர்னலைத் திட்டுவார். நான் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவள் இல்லை, அந்தத் திட்டைக் கேட்டு வளர்ந்தவள்.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. கர்னல் செத்த நாட்களில், ஊரே அடங்கிக் கிடந்தபோது பிறந்தவள் நான். கூட்டத்துக்குக் கூட்டம் மைக்கைப் பிடித்து, "அவன் உள்ள போனான், நான் வெளிய வந்தேன்!" என்பேன். கைதட்டலில் கூரை கிழியும்.

கல்லறையை ஊரைவிட்டு அகற்ற வேண்டும் என்று நாங்கள் ஒரு குழு வைத்திருந்தோம். தலைவர் ஓய்வுபெற்ற வாத்தியார். அந்தக் காலத்தில் கர்னலுக்குப் பயந்து ஊர் ஊராக ஒளிந்து திரிந்தவர். குழு கூடுவது அவர் வீட்டு முன்னறையில்தான். அவர் மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, முத்து முத்தான கையெழுத்தில் தட்டிகள் எழுதித் தருவார். எங்களை எதிர்த்தவர்களுக்கு மருந்துக்கடைக்காரர் தலைமை. அந்த மனிதர் கர்னலுக்கு வேண்டியவர் ஒன்றும் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் நமக்கு ரத்தம் கொதிக்கும்.

"செத்தவன்கிட்ட என்னங்க வீரம்? இடுகாடுன்னா எல்லாருக்கும்தான். நல்லவனுக்குன்னு தனியா ஒண்ணு, கெட்டவனுக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருக்கோமா? இன்னைக்கு அவனைத் தோண்டுவீங்க, நாளைக்கு வேற ஒருத்தன் வந்து உங்க அப்பாவைத் தோண்டுவான்."

"எங்கப்பாவைத் தோண்டினா விரல் உடைஞ்ச எலும்புதான் கிடைக்கும். அதுக்குப் பக்கத்துல பளிங்கு ஏன்னு கேக்கறோம்" என்று நான் கத்துவேன். பஸ்ஸிலும் முடிவெட்டும் கடையிலும் இதே பேச்சுதான். கல்லை மட்டும் எடுத்து எங்காவது வைக்கலாம் என்றார்கள் சிலர். கல் அப்படியே இருக்கட்டும், அவன் செய்ததை எல்லாம் எழுதிப் பக்கத்தில் ஒரு பலகை நடலாம் என்றார்கள் சிலர். வெளிநாட்டில் இருக்கும் கர்னலின் பேரன், எலும்பைக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினான். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் காற்று அடிக்க ஆரம்பித்தது.

எப்படி எடுப்பது என்ற பேச்சு வந்தபோது நான்தான் எழுந்து சொன்னேன். "மனுஷனை எடுக்கற மாதிரி எடுக்கக்கூடாது. குப்பையை அள்ளுற மாதிரி மெஷினை வச்சு ஒரே அள்ளா அள்ளணும்." வாத்தியார் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவர் மனைவி அதைத் தட்டியில் எழுதினார். எழுதும்போது அவர் பிரஷ் கொஞ்ச நேரம் நின்றது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. பெயின்ட் தீர்ந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் கல்லறை கழுவப்படும் சங்கதி வெளியே வந்தது.

எங்கள் பையன்கள் கல்லறைமேல் சிவப்புப் பெயின்ட் ஊற்றுவார்கள். காக்கை எச்சம், வெற்றிலைத் துப்பல், செருப்படி எல்லாம் ஏற்கெனவே உண்டு. ஆனால் மறுநாள் பார்த்தால் கால்மாட்டுப் பக்கம் மட்டும் சுத்தமாக இருக்கும். தலைமாட்டில் கர்னலின் பெயரும் பட்டமும் பெயின்ட்டில் முங்கிக் கிடக்க, கால்மாட்டில் பளிங்கு வெள்ளை வெளேரென்று மின்னும். சுற்றிலும் புல் வெட்டப்பட்டிருக்கும். கொளுத்தும் வெயிலில் அந்த இடம் மட்டும் ஈரமாக இருக்கும்.

"கர்னலுக்குக் கால் மட்டும்தான் கழுவணும் போல. கைல இருக்கற ரத்தம் போகாதுன்னு விட்டுட்டான்" என்றான் எங்கள் கண்டக்டர். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வளைவு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னலோரம் இருந்தவர்கள் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பேய் பிசாசு என்று நேரடியாக யாரும் சொல்லவில்லை. இடுகாட்டு ஓரமாகப் போகும் குறுக்குப் பாதையில் மட்டும் ஆள் நடமாட்டம் குறைந்துபோனது.

எனக்குப் பேயெல்லாம் இல்லை, கர்னலின் பழைய அடியாள் எவனோ செய்கிறான் என்று தோன்றியது. கையும் களவுமாகப் பிடித்து ஊர் நடுவில் நிறுத்த வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, லீவு போட்டு, ஒரு மத்தியானம் போய் உட்கார்ந்தேன். மதிலோரம் சாய்ந்து கிடந்த ஒரு பழைய கல்லுக்குப் பின்னால் இடம். உச்சி வெயில். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. இடுகாடு என்றால் எனக்குப் பயம் கிடையாது என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு முதுகில் வியர்வை ஓடியது வெயிலால் மட்டும் இல்லை.

வாசலில் இரும்புக் கதவு முனகியது. கையில் வாளி, வாளிக்குள் பிரஷ். எங்கள் வீட்டு வாளி. உடைந்த கைப்பிடிக்கு நான் ஒயர் சுற்றிக் கொடுத்த அதே வாளி. அம்மா.

அவள் அக்கம் பக்கம் பார்க்கவில்லை. பழகிய சமையலறைக்குள் போவதுபோல நேராகக் கால்மாட்டுக்குப் போனாள். வலது மூலையில் மண்டி போட்டாள். தேய்த்தாள், தண்ணீர் விட்டாள், முந்தானையால் துடைத்தாள். அப்புறம் குனிந்து அந்தக் கல்லோடு ஏதோ முணுமுணுத்துப் பேசினாள். வெகுநேரம் பேசினாள். கேட்டுப் பதில் வாங்கிக்கொள்பவள்போல நடுநடுவே நிறுத்தினாள்.

"அம்மா!"

அவள் திடுக்கிடவில்லை. பிரஷ்ஷை வாளியில் போட்டாள். "வந்துட்டியா. என்னைக்காவது வருவேன்னு தெரியும்."

"என்ன காரியம் பண்ற நீ? அப்பா கையை முறிச்சவன் காலைக் கழுவறியா? அந்த மனுஷன் சாகற வரைக்கும் இவனைத் திட்டிக்கிட்டே செத்தாரே, உனக்கு வெக்கமா இல்ல?" நான் என்னென்ன பேசினேன் என்று எழுத மனம் வரவில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

"கத்தாதடி. இங்க கத்தாத" என்றாள். பிறகு, "நீ பொறந்தப்ப கூட ஒருத்தன் இருந்தான்" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"நீ முதல்ல வந்தே. கத்தின கத்துல தெருவே திரும்பிப் பாத்துது. அவன் வரலை. கர்னல் செத்துட்டான்னு ஊரடங்கு. ஆஸ்பத்திரி வண்டி வராது, வெளிய கால் வச்சா சுடுவான். மருத்துவச்சி தனக்கு என்ன தெரியுமோ அதைச் செஞ்சா. அவன் வந்தான். ஆனா கத்தல."

அம்மா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்லும் குரலில் சொன்னாள். மூச்சு விடாமல் பிறந்ததற்குப் பிறந்த சீட்டு கிடையாதாம். பிறந்த சீட்டு இல்லாததற்குச் செத்த சீட்டு கிடையாது. செத்த சீட்டு இல்லாமல் இடுகாட்டில் குழி கிடையாது. அதனால் குழிவெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. மறுநாள் யாருக்காவது வெட்டி வைத்திருக்கும் குழியின் அடியில், கால்மாட்டில் ஒரு முழம் தோண்டி, பிள்ளையை வைத்து மண்ணைத் தள்ளிவிடுவார்கள். மேலே பெட்டி இறங்கும். மேலே கிடப்பவரின் வீட்டாருக்குக்கூடத் தெரியாது.

"குழி குடுக்க என்னால முடியாதும்மா, துணை வேணா குடுக்கறேன்னாரு குழிவெட்டறவரு. நல்ல மனுஷன். அவரை மட்டும் வெளிய விட்டிருந்தாங்க. மண்வெட்டிப் பையில வச்சு எடுத்துட்டுப் போனாரு. போயும் போயும் அந்த நாள்ல ஊர்ல வேற யாரையும் பொதைக்க விடல. கர்னலை மண்டபத்துல வச்சு, பட்டாளமே தெருத் தெருவா கூட்டிட்டுப் போய் ஊரை வரிசைல நிக்க வச்சுது. தொறந்து கெடந்தது இந்த ஒரே குழிதான்." அம்மா அந்த மூலையைத் தொட்டாள். "வலது கால் பக்கம்னு சொன்னாரு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"எந்த வாயால சொல்றது? அவரு ஜெயில்ல இருந்து வந்தப்ப அந்தக் கையைப் பாத்தேன். உங்க புள்ளையை அவன் காலடிலதான் வச்சிருக்கேன்னு அந்தக் கைகிட்ட சொல்லவா? ஆஸ்பத்திரில குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்."

நான் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் திரும்பியது. டிரைவர் கையை எடுக்காமல் ஹாரன் அடித்தான். பளிங்கு அதிர்ந்ததா, என் உடம்புதான் அதிர்ந்ததா தெரியவில்லை. அம்மா, தூக்கம் கலைந்த பிள்ளையின் நெஞ்சைத் தட்டிக்கொடுப்பதுபோல அந்த மூலையை இரண்டு தட்டு தட்டினாள். சத்தம் தேய்ந்து போகும்வரை கையை எடுக்கவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் யார் தூக்கத்தை நான் கெடுத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரிந்தது.

"மெஷின் வச்சா எல்லாம் சேந்து போயிடும்டி" என்றாள் அம்மா. "அவனைக் கொண்டு போங்க. எங்க வேணா கொண்டு போங்க. எனக்கென்ன வந்தது. கையால எடுக்கச் சொல்லு. பெட்டிக்குக் கீழ தோண்ட வேண்டாம்னு சொல்லு."

"நான் எல்லார்கிட்டயும் சொல்றேம்மா, இதுதான் விஷயம்னு."

"சொல்லாத." குரல் கெட்டியானது. "சொன்னா இருக்கா இல்லையான்னு தோண்டிப் பாப்பாங்க. கேமரா வரும். அவனுக்கு நான் ஒரு பேருகூட வைக்கல, இவங்க 'கர்னல் குழிப்புள்ளை'ன்னு வச்சிருவாங்க."

வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் எனக்குத் தோன்றியது. "சரி, கால்மாடு முழுக்கவா கழுவற? பெயின்ட் எதிர் மூலைவரைக்கும் போயிருந்ததே."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நான் இந்த மூலையை மட்டும்தான் தொடுவேன். மத்தது நான் வரும்போதே சுத்தமா இருக்கும். ஈரங்கூடக் காயாம இருக்கும். யாருன்னு எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு என்னால் நிம்மதியாக பஸ் ஓட்ட முடியவில்லை. வளைவு வரும்போதெல்லாம் கை தானாக ஹாரனுக்குப் போய், சுட்டதுபோல நழுவி விழும். பஸ் சத்தமில்லாமல் திரும்பும். அந்த நிசப்தம் ஹாரனைவிட மோசமாக இருந்தது. பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "என்னக்கா, ஹாரன் ரிப்பேரா?" என்று கண்டக்டர் கேட்டான். ஆமாம் என்றேன். வீட்டில் கண்ணாடி முன் தலை வாரும்போது, என் தோளுக்குப் பக்கத்தில் என் வயதிலேயே ஒருவன் நிற்பதாகத் தோன்றும். முன்தலை நரைத்திருப்பான். என் மூக்கு. பயமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் போய்விடுவானோ என்றும் பயமாக இருந்தது.

ஊர் மன்றத்தில் கடைசி விசாரணை. மேடையில் அதிகாரிகள், கீழே இரண்டு பக்கமும் ஜனம். எங்கள் பக்கம் தட்டிகளோடு, அந்தப் பக்கம் முறைத்துக்கொண்டு. வாத்தியார் என்னைப் பேச அழைத்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. அவன் உள்ளே போனான், நான் வெளியே வந்தேன் என்று நான் சொல்லப்போவதாக எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கல்லை எடுங்க. அவனையும் எடுங்க. ஆனா மெஷின் வேண்டாம்" என்றேன். "கையால எடுக்கணும். பெட்டியோட நிறுத்திக்கணும். அடிமண்ணைத் தொடக்கூடாது."

பின்னாலிருந்து ஒருவன், "என்ன ஹாரனக்கா, கர்னல் கனவுல வந்தாரா?" என்றான். சிரிப்பு. இன்னொருவன், "அவனுக்கு எதுக்கு இந்த மரியாதை? எங்க மாமாவை எடுத்தப்ப பல்லுகூடக் கிடைக்கல" என்றான். அவன் சொன்னது உண்மை. என்னிடம் இருந்த ஒரே பதிலைச் சொல்ல அனுமதி இல்லை.

"காரணம் என்னம்மா?" என்றார் வாத்தியார். அடிபட்டவர்போல முகம் வெளுத்திருந்தது.

"காரணம் கேக்காதீங்க சார். உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்பவாவது புரிஞ்சுதே" என்றார். அந்தக் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் பக்கத்தார் அதைப் பார்த்தார்கள். அதோடு நான் செத்தேன். யாரோ துரோகி என்றார்கள். என் தீர்மானத்தை நானே எதிர்த்து, நானே தோற்றேன். மெஷின் என்று முடிவானது. கூட்டம் கலையும்போது வாத்தியாரின் மனைவி மட்டும் தட்டிகளை அடுக்காமல், நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லறையை எடுக்கும் நாள் காலையில் இடுகாட்டைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். ஊரே மதில்மேல் ஏறியிருந்தது. கிரேன் பளிங்கைத் தூக்கி லாரியில் வைத்தபோது விசில் பறந்தது. கல் இருந்த இடத்தில் வெளுத்த மண், நீள்சதுரமாக. மெஷின் உறுமிக்கொண்டு வந்தது. அதன் வாய் திறந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கை மட்டும் இருந்தது, அம்மா இல்லை. நாடாவுக்கு அடியில் குனிந்து போயிருந்தாள். போய், கால்மாட்டில் வலது மூலையில், அந்த மண்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"யாருய்யா அந்தப் பெரியம்மா? இழுத்து வெளிய விடுங்க!" என்று இன்ஜினியர் கத்தினார். நான் ஓடினேன். இழுக்கத்தான் ஓடினேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஊர் ஊளையிட்டது. ஒரு செருப்பு வந்து என் தோளில் விழுந்தது. மெஷின் நிற்கவில்லை, உறுமிக்கொண்டே இருந்தது. அப்போது வாத்தியாரின் மனைவி நாடாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அடுத்த இடத்தில், அந்த இடம் தன்னுடையது என்று தெரிந்தவராக உட்கார்ந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அவர் கையில் தேய்ந்துபோன ஒரு பிரஷ் இருந்தது.

"நடு இடம் உங்களுதா?" என்று கேட்டாள் அம்மா.

அவர் தலையசைத்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து, மருந்துக்கடைக்காரர் "அக்கா, எங்க போற? அக்கா!" என்று கூப்பிடக் கூப்பிட, அவருடைய பெரியக்கா தடியை ஊன்றிக்கொண்டு வந்து இடது மூலையில் உட்கார்ந்தார். கடைசியாக, காய்கறிப் பையோடு, எங்களில் யாருக்கும் தெரியாத ஒருத்தி. அவளுக்கு இடம் விட்டு மற்றவர்கள் நகர்ந்தார்கள். ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் போனவள் என் அம்மா ஒருத்திதான் என்று நான் ஏன் நினைத்தேன்?

மெஷின் நின்றது. ஓட்டியவன் தானாகவே நிறுத்தினான். மதில்மேல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் எதுவும் விளக்கவில்லை. ஆனால் வயதான பெண்கள் நான்கு பேர் ஒரு குழியின் கால்மாட்டில் உட்கார்ந்து தரையைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், பிள்ளை பெற்ற ஊருக்குப் புரியாமல் போகாது.

வாத்தியார் நாடாவுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார். பிறகு வந்து மனைவி எதிரில் மண்டி போட்டார். ஊருக்கெல்லாம் கேட்கப் பேசிப் பழகிய மனிதர், எங்களுக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டார்.

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு" என்றார் அவர்.

மண்வெட்டி கொண்டுவந்தார்கள். நாங்கள் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தோம். ஆட்கள் தலைமாட்டிலிருந்து மெதுவாகத் தோண்டிக்கொண்டு வந்தார்கள். உளுத்துப்போன பெட்டி தெரிந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் எடுத்தார்கள். அதற்குக் கீழே ஒரு பிடி மண்ணையும் தொடவில்லை. கர்னல் என்று சொல்லப்பட்டது ஒரு சின்னப் புதுப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. யாரும் கைதட்டவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது அம்மா எழுந்து நின்றாள். துப்பப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். துப்பினால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் பெட்டியின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தி, அன்றைக்குக் கல்லோடு பேசிய அதே முணுமுணுப்பில் பேசினாள்.

"வேற யாரும் அங்க இல்லையே, அதான் வாரா வாரம் உன்கிட்டயே வந்து கெஞ்சினேன், புள்ளையைப் பாத்துக்கோ பாத்துக்கோன்னு. பாத்துக்கிட்டியோ என்னவோ. இனி நாங்க இருக்கோம். நீ போ."

தூக்கியவர்கள் அவள் கையை எடுக்கும்வரை காத்திருந்து, அப்புறம் நடந்தார்கள். அம்மா மறுபடி மண்டி போட்டு, விளிம்பிலிருந்த மண்ணைக் கையால் உள்ளே தள்ள ஆரம்பித்தாள்.